நல்ல கால் நூற்று நாற்பது

சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக்கி, அதை நோயாளிகளின் கணுக்காலில் கட்டி, அவர்களுடைய தொடைத் தசை எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் அப்போது என் உத்தியோகம். இதற்காகக் கொழும்பில் போய் மூன்று வருடம் படித்தேன் என்பதை எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "டியூப் வெட்டுறதுக்கா படிச்ச?" என்று என் அண்ணன் கேட்டார். அன்று காலை முழுக்க நான் டியூப்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெளிநாட்டுச் சாமான் எதுவுமே நாட்டுக்குள் வராத காலம். படித்த இடத்தில் சுருள்வில்லும் ரப்பர் கயிறும் விதவிதமாக வைத்துப் பழக்கிவிட்டு, எங்களைத் திருப்பி அனுப்பியது ஒன்றுமே இல்லாத ஊர்களுக்கு. பதுளை கடைவீதிக்கு மேலே ஏறுகிற ஒரு சாய்வான தெருவில், பழைய வீடொன்றின் முன்னறையில், ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் ஒரு சிறு சிகிச்சை நிலையம் நடத்திவந்தார். எனக்கு வேலை அங்கேதான். ஒரு மேசை, ஒரு சுவர்க் கடிகாரம், சுவரோரம் பிடித்து நடக்க இரண்டு மூங்கில் கம்புகள். மீதியெல்லாம் டியூப்.

அந்த டியூபும் சும்மா கிடைக்காது. கடைவீதியில் சைக்கிள் சாமான் விற்ற முஸ்லிம் முதலாளி என்னைத் தூரத்தில் கண்டதுமே கையை விரிப்பார். "டியூப் இல்ல மகள். ஒட்டுப் போட்டது ரெண்டு ஈக்கிது, வேணுமெண்டா எடுங்க." ஒட்டுப் போட்ட இடத்தை வெட்டித் தள்ளினால் ஒரு டியூபில் இரண்டு பட்டைதான் தேறும். அந்தப் பட்டையும் ஒழுங்காக நடந்துகொள்ளாது. வெயில் காலத்தில் இளகும், மழைக் குளிரில் விறைக்கும், ஒரு மாதம் இழுத்தால் தொய்யும். ஆகவே திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு பட்டையிலும் நாலு ராத்தல் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு நீள்கிறது என்று அடிமட்டம் வைத்துப் பார்ப்பேன். கூட நீண்டது காலுக்கு லேசு, எண்ணிக்கை பொய்யாக ஏறும் என்பதால் அதைத் தூக்கி எறிவேன். எறிந்ததை மறுநாள் டாக்டர் குப்பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்திருப்பார். இதிலேயே எனக்குப் பாதி ஆயுள் போயிற்று.

சோதனை இப்படி. நோயாளி மேசை விளிம்பில் நிமிர்ந்து உட்கார வேண்டும். கணுக்காலில் துணி சுற்றி, அதன்மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, மறுமுனையைப் பின்னால் மேசைக் காலில் கட்டுவேன். எதிரே இரண்டு கம்புகளுக்கு நடுவில் ஒரு நூல், நூலில் ஒரு சலங்கை மணி. முழங்காலை முழுதாக நீட்டினால் பெருவிரல் மணியில் படும். கடிகாரம் இரண்டு தட்டுத் தட்டுவதற்குள் நீட்ட வேண்டும், இன்னும் இரண்டு தட்டுக்குள் மெதுவாக இறக்க வேண்டும். பொத்தென்று விடக் கூடாது. பின்னால் சாயக் கூடாது, தொடையைத் தூக்கக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு தடவை மணி அடிக்காவிட்டால் அதோடு சரி. முதலில் நல்ல கால், பிறகு ஒடிந்த கால்.

வேலைக்குத் திரும்பலாம் என்று கடிதம் கொடுக்க, இதற்கு மேல் டாக்டருடைய சட்டம் ஒன்று இருந்தது. "பிள்ளை, ஏலாத கால் நல்ல காலின்ரை முக்கால்வாசிக்கு வரவேணும். வந்தால் கையெழுத்து. வராட்டி இல்லை." ஒருவரை அவரோடுதானே ஒப்பிட வேண்டும் என்பது அவருடைய நியாயம். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. நானும் ஒரு நாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் என் காலில் கட்டி அடித்துப் பார்த்தேன். வலது ஐம்பத்தெட்டு, இடது ஐம்பத்தைந்து. சட்டப்படி நான் எந்த மலையும் ஏறலாம். அன்று மாலை வீட்டுப் படி ஏறுவதற்குள் தொடை நடுங்கிப் போய்விட்டது வேறு கதை.

அந்த அக்கா வந்தது அதற்குப் பிறகு. ஹாலிஎலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். மழையில் வழுக்கிக் கானுக்குள், அதுதான் தேயிலை மலையில் தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் வாய்க்காலுக்குள், விழுந்து வலது முழங்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, பெரியாஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, குச்சியை ஊன்றிக்கொண்டு வந்தார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன்.

"காலையில பதினெட்டு ராத்தல் மிஸ்ஸி. பகலுக்கு இருவத்தி நாலு. அதுல கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு ரெண்டுன்னு கழிச்சுப்புட்டாங்க. அந்திக்கு நிறுக்கல. அதுக்குள்ள விழுந்துட்டேன்."

நான் காலைப் பற்றிக் கேட்டேன், அவர் கொழுந்தின் எடையைச் சொன்னார். கூடையின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் என்று நிறுப்பவர்கள் கழித்ததையும் சேர்த்துச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் நிறுவைத் தராசின் முள் எந்த நாளில் எந்த எண்ணில் நின்றது என்பது மட்டும் அவர் தலையில் அப்படியே இருந்தது. நான் பொறுமையில்லாமல் "கால் எப்படி மடங்கிச்சு அக்கா?" என்று மறுபடி கேட்டேன். அதற்கு அவர் "தெரியலீங்க" என்றார்.

அவருக்கு வேண்டியது ஒரு கடிதம். தோட்டத்தில் புதிதாக வந்த துரை, மலை வேலைக்கு ஆகாதவர்களின் பெயரைத் தோட்டப் பதிவிலிருந்து வெட்டச் சொல்லியிருந்தார். பெயர் வெட்டுப்பட்டால் லயத்துக் காம்பராவும், அவர்கள் குடியிருக்கிற அந்த ஒற்றை அறையும், போய்விடும். வேலைக்கு வருகிற வேறு குடும்பத்துக்கு அதைக் கொடுப்பார்களாம். மூன்று மாதத் தவணை. அதற்குள் 'மலையேறலாம்' என்று டாக்டரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் போக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பிள்ளைகளோடு தெருவுக்கு வர வேண்டும். இதை அவர் அழாமல் சொன்னார். எனக்குத்தான் யார்மேல் என்று தெரியாமல் கோபம் கோபமாக வந்தது.

முதல் சோதனையை நான் மறக்கவே முடியாது. நல்ல காலில் பட்டையைக் கட்டி, "முடியாமப் போனா நிறுத்திடுங்க அக்கா" என்றேன். "சரிங்க" என்றார். மணி அடிக்க ஆரம்பித்தது. என் ஐம்பத்தெட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டினார். எண்பது, நூறு. வெலிமடையிலிருந்து முழங்கால் வலிக்கு வந்து பெஞ்சில் காத்திருந்த உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் எழுந்து வந்து நின்றுகொண்டு என்னோடு சேர்ந்து எண்ணத் தொடங்கிவிட்டார். நூற்று எழுபத்து நாலில்தான் மணி தவறியது. அக்காவின் நெற்றியெல்லாம் வியர்வை. அடுத்து ஒடிந்த காலில் கட்டினேன். நாற்பத்தொன்று.

"ரெண்டும் சேத்து இருநூத்திப் பதினஞ்சு" என்றார் அவர், நான் எழுதி முடிப்பதற்குள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

ஒரு பட்டையைக் கொடுத்து, காம்பரா நிலைக்காலில் கட்டி வலது காலுக்கு மட்டும் தினமும் பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமைகளில் வருவார். கால் தேறிக்கொண்டே வந்தது. ஒன்றரை மாதத்தில் ஒடிந்த கால் தொண்ணூற்றாறு. நான் சந்தோஷப்பட்டுக்கொண்டே மற்றக் காலையும் பார்த்தால், அது நூற்று எண்பத்தெட்டு. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தக் கால் ஏறினால் அந்தக் காலும் ஏறுகிறது. முக்கால் என்கிற கோடு அவருக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

"அக்கா, நல்ல காலுக்கும் வீட்டுல பட்டை கட்டி அடிக்கிறீங்களா?"

"ஆமாங்க."

"இந்தக் காலுக்கு மட்டும்தானே செய்யச் சொன்னேன்?"

"இது பின்னால நிக்குதில்லீங்களா. அதுதானே கொண்டாந்து சேக்கணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். மலையில் ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைத் தேயிலைச் செடி. கைப்பிள்ளைக்காரிக்கோ காய்ச்சல்காரிக்கோ நிரை பின்தங்கிவிட்டால், தன் நிரையை முடித்தவள் அவள் நிரைக்குள் புகுந்து பறித்து, கைக் கொழுந்தை அவள் கூடையிலேயே போட்டுவிடுவாளாம், வேலையை மேற்பார்க்கிற கங்காணி சத்தம் போடுவதற்கு முன்னால். ஆகவே ஒடிந்த கால் குறைவாக அடித்தால், நல்ல கால் அதற்கும் சேர்த்து அடிக்க வேண்டும். டாக்டர் கடைசியில் இரண்டையும் கூட்டித்தானே பார்ப்பார் என்று இத்தனை வாரமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நூற்று எழுபத்து நாலும் நூற்று எண்பத்தெட்டும் ஒரு கால் இன்னொரு காலுக்குக் கொடுத்த கை.

கேட்டதும் எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. பிறகு எரிச்சல்தான் ஜெயித்தது. "டாக்டர் கூட்ட மாட்டார் அக்கா. இதையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பார். நல்ல கால் கூட அடிக்க அடிக்க, இந்தக் கால் மோசம்னுதான் ஆகும்."

"நல்லா செஞ்சா குத்தமுங்களா?" என்றார்.

அடுத்த முறை நல்ல கால் நூற்று முப்பது வந்ததும் நிறுத்திவிடச் சொன்னேன். "சரிங்க" என்றார். அவர் சரிங்க என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இடையில் ஒரு நாள் டாக்டரிடம் போய் நின்றேன். அந்த அம்மாவின் ஒடிந்த கால் என் நல்ல காலைவிடக் கூட அடிக்கிறது, இதைப் போய் ஏலாத கால் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உம்மடை காலையோ நான் சோதிக்கச் சொன்னனான்? சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் பிள்ளை" என்றார். வெளியே வந்து மூன்று டியூபைத் தேவையில்லாமல் வெட்டித் தள்ளினேன்.

தவணை முடிவதற்கு முன் வந்த கடைசிச் செவ்வாய்க்கிழமை. நல்ல காலில் கட்டினேன். நூற்று முப்பது வந்ததும் நான் அவரைப் பார்த்தேன். அவர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூற்று நாற்பதில் மெதுவாக "போதும் அக்கா" என்றேன்.

"இன்னும் வருதுங்க."

"வரட்டும். நிறுத்துங்க."

"வருதுங்களே" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். கால் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பட்டையை அவிழ்த்து ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்று இருந்தது. காம்பரா போகப்போகிறது, இரண்டு பிள்ளைகள் தெருவுக்கு வரப்போகிறார்கள், இந்த அம்மா மணி அடித்துக்கொண்டிருக்கிறார். இருநூற்று மூன்றில்தான் கால் ஓய்ந்தது. ஒடிந்த கால் நூற்றுப் பன்னிரண்டு அடித்தது. பாதியை விடச் சற்றுக் கூட, அவ்வளவுதான்.

"ஏன் அக்கா இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். உண்மையில் கத்தினேன்.

அவர் கணுக்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கங்காணி பாக்காத நேரத்துலயும் பாதி நெரையில கூடைய எறக்குனதில்லீங்க. காலுக்குப் பழக்கமில்ல."

அவரை அனுப்பிவிட்டு, பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன். ஒடிந்த கால் நூற்றுப் பன்னிரண்டு. நல்ல கால் நூற்று நாற்பது. கடிதத்திலும் அப்படியே எழுதி டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"போன மாதம் நல்ல கால் இருநூறுக்குக் கிட்ட எண்டு சொன்னீர்?"

"அது தொய்ஞ்ச ரப்பர் சார். இப்ப மாத்திட்டேன்."

"ம்" என்று கையெழுத்துப் போட்டார். குப்பையிலிருந்து பட்டைகளை எடுத்து மேசையில் வைத்தவர் அவர்தான். அதனால் மேலே ஒன்றும் கேட்க அவருக்கும் வழியில்லை. அத்தனை நாளும் என் உயிரை வாங்கிய ரப்பர் அன்று ஒரு நாள் எனக்கு உதவியது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். பொய் எழுதிய உறுத்தல் துளிகூட இல்லை, பெருமையாகக்கூட இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் காலை அந்த அக்கா வந்து நின்றார். குச்சி இல்லை. சேலை புதிதாகத் துவைத்தது. மலைக்குப் போகிறாராம், பெயர் வெட்டவில்லையாம், காம்பரா இருக்கிறதாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏதோ பலகாரம் கொண்டுவந்திருப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் உட்காரவில்லை.

"ஆப்பீசுல கிளாக்கரய்யா அந்தக் கடுதாசிய வாசிச்சுக் காட்டுனாரு மிஸ்ஸி. நல்ல காலு நூத்தி நாப்பதுன்னு போட்டிருக்குதாம்."

"ஆமா அக்கா."

"அன்னைக்கி இருநூத்தி மூணு வந்துச்சுங்களே. நானும் எண்ணுனேன், நீங்களும் எண்ணுனீங்க."

"ஆமா."

"அப்ப அறுவத்தி மூணு கொறையுது." அவர் குரலில் கோபம் இல்லை. பல தடவை கேட்டுப் பழகிய கேள்வியைக் கேட்கிற களைப்புதான் இருந்தது. "எதுக்குங்க கழிச்சீங்க? கூடைக்கா, தண்ணிக்கா?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்க மாட்டேன். இவருக்காக டாக்டரிடம் பொய் சொல்லி, என் வேலையையே பணயம் வைத்திருக்கிறேன். இவரோ ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, மலை இறங்கி, பஸ் பிடித்து வந்து அறுபத்து மூன்றுக்குக் கணக்குக் கேட்கிறார். படபடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். இருநூற்று மூன்று என்று எழுதியிருந்தால் கையெழுத்துக் கிடைத்திருக்காது, பெயர் போயிருக்கும், காம்பரா போயிருக்கும், உங்கள் நன்மைக்குத்தான் குறைத்தேன் என்றேன். சொல்லி முடித்தபோதே அந்தக் கடைசி வார்த்தை என் காதுக்கே நாராசமாக இருந்தது. அவர் வாழ்நாள் முழுக்கத் தராசுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு காரணம் சொல்லித்தான் கழித்திருப்பார்கள்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு தலையாட்டினார்.

"அப்பன்னா கடுதாசில அப்படியே கெடக்கட்டுங்க. புள்ளைங்க இருக்காங்க." மேசையைக் காட்டி, "இங்க இருக்கிற பொஸ்தகத்துல மட்டும் சரியாப் போட்டுருங்க" என்றார்.

புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, நூற்று நாற்பதைக் கோடிழுத்து அடித்துவிட்டு, பக்கத்தில் 203 என்று எழுதினேன். புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன். எழுத்துத் தெரியாது என்றாலும் தராசு பார்த்துப் பழகியவருக்கு எண் தெரியும். குனிந்து, விரலை ஒவ்வொரு எண்ணின் கீழும் வைத்துப் பார்த்தார். கொழுந்துக் கறை படிந்த விரல்.

"வேற யாருக்காச்சும் இப்படிக் கழிச்சிருக்கீங்களா மிஸ்ஸி?"

"இல்ல அக்கா." அது உண்மைதான். ஆனால் அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. நம்பாமல் இருப்பதற்காக என்மேல் அவருக்கு வருத்தமும் இருக்கவில்லை. "வாரேங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அந்தச் சாய்வான தெருவில் இரண்டு காலையும் ஒரே மாதிரி வைத்து இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து அந்த அறையில் நல்ல காலைச் சோதிப்பதையே நிறுத்திவிட்டேன். ஒடிந்த கால் எத்தனை அடித்ததோ அதை மட்டும் எழுதுவேன், மற்றப் பத்தி வெறுமையாக இருக்கும். ஏன் பிள்ளை இது காலியாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோதெல்லாம், நல்ல காலுக்கு ரப்பர் இல்லை சார் என்றேன். அலுமாரி நிறைய ரப்பர் இருந்தது.